வீட்டை விட்டு நழுவிச் செல்லும் பிள்ளைக்கு இருப்பிடம் காட்டும் கருவி: கோலாலம்பூர்ப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

செந்தூலில் 11ஆம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில், தீபாவளிக்கு முந்தைய வாரம், நான் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த வேளையில், அப்போது ஏழு வயதாகியிருந்த என் மகன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அவனுக்கு ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். நாற்பது நிமிடம் கழித்து, கொமுட்டர் நிலையத்து வேலியோரம் ரயில்களைப் பார்த்தபடி நின்றவனை, எங்களை அறிந்த ஒட்டுக்கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அன்றிரவே கருவி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஆனால் சரியான கருவி என் மகன் உடம்பில் நிலைக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த ஒன்றரை ஆண்டில் நாங்கள் தவறாகச் செய்தவற்றையும் பிறகு சரியாகக் கற்றவற்றையும், இதே அச்சத்தோடு வாழும் பெற்றோருக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த அச்சம் உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், அதாவது 49 விழுக்காட்டினர், நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு நழுவிச் செல்ல முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். பிள்ளை நழுவிய வீடுகள் பலவற்றில், சாலையில் அடிபடும் நிலைக்கோ நீரில் மூழ்கும் நிலைக்கோ மிக அருகில் போய்த் தப்பிய அனுபவமும் பதிவானது. ஆகவே பிள்ளை நழுவியதற்காகத் தாயையோ தாத்தா பாட்டியையோ குற்றம் சொல்வதை முதலில் நிறுத்திவிட்டு, வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி: கடைக்குப் போகுமுன் பிள்ளையைக் கவனித்து எழுதுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்த நேரத்தில் கதவை நோக்கிப் போகிறது, எதைத் தேடிப் போகிறது, எதைக் கண்டு ஓடுகிறது என்பதை நாள்தோறும் எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே விதமாக நழுவுவதில்லை. சில பிள்ளைகள் மிக்சியின் இரைச்சலோ அண்ணன் தங்கையின் அழுகையோ தாங்காமல் திடீரென்று பாய்ந்து ஓடும். அப்போது பிள்ளைக்குப் போகுமிடம் என்று ஒன்றும் இருக்காது. வேறு சில பிள்ளைகள் ரயில், மின்தூக்கி, நீச்சல் குளம், பிடித்த கடையின் விளக்கு என ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போகும். இன்னும் சில, கூட்டத்தில் கையை விட்டதும் தங்கள் போக்கில் நகர்ந்துவிடும். பாய்ந்து ஓடும் பிள்ளைக்கு விநாடிக் கணக்கில் எச்சரிக்கை தரும் கருவி வேண்டும். குறியோடு போகும் பிள்ளைக்குத் தொலைவிலும் இருப்பிடம் காட்டும் கருவி வேண்டும். கூட்டத்தில் நகரும் பிள்ளைக்கு, இருபது முப்பது மீட்டருக்குள் ஒலியெழுப்பித் தேட உதவும் கருவியே பெரும் பயன் தரும்.

அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில் பிள்ளையின் உடலைப் பற்றி எழுதுங்கள். கையில் எதைக் கட்டினாலும் பிய்த்து எறியுமா? சட்டையில் தைத்த துணிச்சீட்டு கழுத்தில் உரசினால் அழுமா? கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்குமா? கருவி திடீரென்று அதிர்ந்தாலோ ஒலித்தாலோ பயப்படுமா? விற்பனையாளர் ஒருவரும் கேட்காத இந்தக் கேள்விகள்தாம், வாங்கிய கருவி அலமாரியில் தூங்குமா, பிள்ளையோடு போகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாம் படி: கருவிக்கு முன் கதவு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவும் சட்டமும் பிரியும்போது ஒலிக்கும் காந்த உணரி, வாசலுக்கு ஒன்று, பால்கனிக்கு ஒன்று என்று போதும். இது விலை மலிவானது, சிம் அட்டையும் வேண்டாம். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடலாம். ஆனால் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவதும், இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ வைப்பதும், தீ விபத்து நேர்ந்தால் வீட்டில் உள்ளவர் எல்லாருக்கும் ஆபத்தாக முடியும். உள்ளே இருக்கும் பெரியவர் ஒருவர் இருட்டிலும் திறக்கக்கூடியதாகத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முறுக்கு பிழிந்த அன்று கதவு மணி ஒன்று இருந்திருந்தால், அவன் மின்தூக்கியை அடையுமுன்பே பிடித்திருப்பேன்.

மூன்றாம் படி: எந்த வகைக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

சந்தையில் எல்லாவற்றையும் ‘டிராக்கர்’ என்ற ஒரே பெயரால் விற்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு வேறு குடும்பங்கள்.

முதலாவது, சிம் அட்டையோடு வரும் ஜி.பி.எஸ். கருவி. கைக்கடிகாரமாகவோ, இடுப்பு வாரில் மாட்டும் சிறு பெட்டியாகவோ இது கிடைக்கும். வானிலுள்ள செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்து, கைப்பேசி நெட்வொர்க் வழியாக உங்கள் போனுக்கு அனுப்புகிறது. திறந்த வெளியில் சில மீட்டர் பிழையோடு இடம் காட்டும். கூரைக்கடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை மங்கிவிடுவதால், சுற்றியுள்ள வைஃபை நிலையங்களைக் கொண்டு மதிப்பிடும். அதுவும் இல்லையென்றால் கைப்பேசிக் கோபுரத்தைக் கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லும், அப்போது பிழை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆகலாம். நல்ல செயலியானால், இப்போது காட்டும் புள்ளி இவற்றுள் எந்த முறையால் கிடைத்தது என்பதையும், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்பதையும் தெரிவிக்கும். இந்த இரண்டையும் காட்டாத செயலியை வாங்காதீர்கள். ஏனெனில் பழைய புள்ளியைப் புதியது என்று நம்பி நீங்கள் தவறான திசையில் ஓடுவீர்கள்.

இரண்டாவது, புளூடூத் வில்லை. ஆப்பிளின் ஏர்டேக், சாம்சுங்கின் ஸ்மார்ட்டேக் போன்றவை இந்த வகை. இவற்றுக்குள் ஜி.பி.எஸ். இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் கடந்து போகும் யாரோ ஒருவருடைய போன் இந்த வில்லையின் மெல்லிய சமிக்ஞையைக் கேட்டு, தன் இருப்பிடத்தை அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்குச் சொல்ல, அது உங்களிடம் வந்து சேர்கிறது. ஆகவே ஏர்டேக் வேலை செய்ய, பிள்ளை போகும் வழியில் ஆப்பிள் போன் வைத்திருப்பவர் நடமாட வேண்டும். மிட்வேலி போன்ற பேரங்காடியில் இது நன்றாகவே வேலை செய்யும். நள்ளிரவில் ஆளில்லாத வடிகால் ஓரத்தில் ஒன்றும் சொல்லாது. நம் நாட்டில் ஆண்ட்ராய்டு போன்களே அதிகம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஏறத்தாழ ஓராண்டு நீடிப்பதும், எடை ஏர்டேக்கில் 12 கிராமுக்கும் குறைவு என்பதும், மாதக் கட்டணம் இல்லாததும் இதன் பெரும் வசதிகள்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. இந்த வில்லைகள் பொருள்களைத் தேடுவதற்காகவே செய்யப்பட்டவை, ஆள்களைத் தேடுவதற்கு அல்ல என்பதை ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. பிறரை இரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்கும் ஏற்பாடு ஏர்டேக்கில் இருப்பதால், உங்கள் பிள்ளையோடு பயணம் செய்யும் பள்ளி வேன் ஓட்டுநரின் ஐபோனுக்கு ‘தெரியாத ஏர்டேக் ஒன்று உங்களோடு வருகிறது’ என்ற அறிவிப்புப் போகும். தீய எண்ணத்தோடு பிள்ளையை அழைத்துப் போகிறவனுக்கும் அதே அறிவிப்புப் போகும். பாட்டி, அத்தை போன்ற வீட்டாருடன் வில்லையைப் பகிர்ந்துகொள்ளும் வசதி 2023இலிருந்து ஐபோனில் உள்ளது. அதைப் பயன்படுத்தினால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இராது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, இதனுள் இருக்கும் சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி. பிள்ளை இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு, திருகாணி போட்டு மூடும் உறை இல்லாமல் இந்த வில்லையைக் கொடுக்கவே கூடாது.

என் கருத்தைக் கேட்டால், குறியோடு தொலைவு நடக்கும் பிள்ளைக்கு சிம் உள்ள ஜி.பி.எஸ். கருவியே முதன்மை; புளூடூத் வில்லை அதற்குத் துணை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஜி.பி.எஸ். கருவியை வாங்குங்கள்.

நான்காம் படி: நம் நாட்டு நெட்வொர்க்கில் வேலை செய்யுமா என்று பாருங்கள்

இதில்தான் எங்கள் முதல் பணம் வீணானது. இணையச் சந்தை ஒன்றில், ‘உலகெங்கும் வேலை செய்யும்’ என்ற வாக்கை நம்பி ஒரு கடிகாரம் வாங்கினோம். பொட்டலத்தைப் பிரித்து, சிம் போட்டு, இரண்டு நாள் போராடியும் நெட்வொர்க் கிடைக்கவில்லை. அது 3ஜி கடிகாரம்; மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. விற்றவர் அதைத் தெரிந்தே விற்றாரா என்பது எனக்குத் தெரியாது, பணம் திரும்பவில்லை. ஆகவே ‘4ஜி எல்.டி.இ.’ என்று தெளிவாக எழுதியுள்ள கருவியையே வாங்குங்கள். 2ஜி மட்டும் உள்ள மலிவுக் கடிகாரங்கள் இன்று வேலை செய்யக்கூடும், ஆனால் இன்னும் எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி இருக்கும்போது பிள்ளையின் பாதுகாப்பை அதில் வைப்பது சரியன்று.

4ஜி என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு நாட்டிலும் 4ஜி ஓடும் அலைவரிசைகள் வேறு. நம் நாட்டில் 1800, 2100, 2600, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் பயன்படுகின்றன. கருவியின் விவரத்தாளில் இவை பேண்ட் 3, 1, 7, 8 என்று குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கருவிகளில் இவற்றில் சில இல்லாமற்போகலாம். ஆட்டிசம் பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவில் சந்தா முறையில் விற்கப்படும் கருவிகளைப் பற்றி இணையத்தில் புகழுரைகள் ஏராளம். அவற்றை உறவினர் மூலம் வரவழைக்குமுன், மலேசியாவில் சேவை உண்டா என்று அந்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி. அல்லது தரச்சான்று நிறுவனமான சிரிம் தந்த சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிம் அட்டையை உங்கள் மைகார்டில் பதிவு செய்து வாங்குங்கள். வீட்டைச் சுற்றி எந்த நிறுவனத்தின் சமிக்ஞை வலுவாக இருக்கிறதோ, அந்த நிறுவனத்தின் சிம்தான் வேண்டும். மக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் மூன்றையும் நண்பர்களின் போன்களைக் கொண்டு கீழ்த்தளத்திலும் படிக்கட்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்கட்டண சிம்மானால் காலாவதி நாளை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். பணம் போட மறந்து செயலிழந்த கருவி, பிள்ளை காணாமற்போன நாளில்தான் தெரியவரும்.

ஐந்தாம் படி: மாடி வீட்டின் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நம்மில் பலர் குடியிருப்பது பி.பி.ஆர். என்னும் அரசு மலிவு விலை அடுக்குமாடியிலோ கொண்டோவிலோதான். கருவி செய்பவர்கள் காட்டும் விளம்பரப் படத்தில் வீடு தரையோடு இருக்கிறது, சுற்றிலும் புல்வெளி, வேலியைத் தாண்டினால் போனில் மணி அடிக்கிறது. நம் வீட்டில் நிலைமை வேறு. வரைபடத்தில் நம் 11ஆம் மாடியும், 3ஆம் மாடிப் படிக்கட்டும், கீழே உள்ள நீச்சல் குளமும், நிலவறைக் கார் நிறுத்துமிடமும் ஒரே புள்ளியாகத் தெரியும்.

கருவி வாங்கிய பிறகு ஒருநாள் மகன் மறுபடியும் நழுவினான். போனைப் பார்த்தேன், புள்ளி எங்கள் கட்டடத்தின் மீதே இருந்தது. வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான் என்று கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் தேடிக்கொண்டிருந்தேன். அவன் 3ஆம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். கருவி பொய் சொல்லவில்லை. நான் அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முறை இது. கட்டடத்தை விட்டு வெளியேறினானா என்பதை ஜி.பி.எஸ். சொல்லட்டும். வீட்டை விட்டு வெளியேறினானா என்பதைக் கதவு உணரி சொல்லட்டும். கட்டடத்துக்குள் எங்கே இருக்கிறான் என்பதை ஒலியெழுப்பும் வசதி சொல்லட்டும். கருவியை உங்கள் போனிலிருந்து ஒலிக்கச் செய்ய முடியுமா, அந்த ஒலி இரண்டு மாடிக்கு அப்பால் கேட்குமா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள். புளூடூத் வில்லை இங்கே நன்றாகத் துணை செய்யும். மாடி மாடியாக இறங்கிக்கொண்டே வந்தால், பிள்ளை இருக்கும் மாடியை நெருங்கும்போது போன் அதைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லை மீறினால் எச்சரிக்கும் ‘வேலி’ வசதியை அமைக்கும்போது, ஆரத்தை மிகச் சிறிதாக வைக்காதீர்கள். கட்டடங்களுக்கிடையே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால், அசையாமல் தூங்கும் பிள்ளையின் புள்ளிகூட ஐம்பது, நூறு மீட்டர் அலையும். இரவில் மூன்று முறை பொய்யெச்சரிக்கை வந்தால் நான்காம் முறை நாம் எழுந்திருக்க மாட்டோம். எங்கள் வீட்டில் 150 மீட்டர் ஆரம் வைத்தபின்தான் பொய்யெச்சரிக்கை ஏறத்தாழ நின்றது. ஆனால் உங்கள் கட்டடத்துக்கு 20 மீட்டர் பக்கத்திலேயே கால்வாயோ பெருஞ்சாலையோ இருந்தால், அந்த ‘வேலி’யை நம்பவே வேண்டாம், கதவைப் பலப்படுத்துங்கள்.

ஆறாம் படி: உடம்பில் எங்கே, எப்படி

கைக்கடிகாரம்தான் எல்லாரும் முதலில் நினைப்பது. கடிகாரத்தை விரும்பும் பிள்ளைக்கு அது சாலச் சிறந்தது. ஆனால் தொடுஉணர்வு மிகுந்த பிள்ளை மணிக்கட்டில் எதையும் பொறுக்காது. நம் ஊர் வெக்கையில் ரப்பர் வாருக்கடியில் வேர்த்துத் தோல் தடிப்பதும் உண்டு. சாவியோ சிறு கருவியோ இல்லாமல் கழற்ற முடியாத பூட்டு வார்களும் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் ஒரு விரல் நுழையும் தளர்ச்சி இருக்க வேண்டும்; தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும்; சாவி ஒன்று பள்ளியிலும் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பிறந்ததிலிருந்து அரைஞாண் கயிறு கட்டிப் பழகிய பிள்ளைக்கு இடுப்பில் ஏதோ இருப்பது புதிதன்று. என் மகன் மணிக்கட்டில் கட்டியதை ஒரு நிமிடத்தில் கழற்றுவான். இடுப்பில் உள்ளதைத் தொடவே மாட்டான். ஆகவே அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டைக்கு உட்புறம், முதுகுப் பக்கமாக, சிறு பை தைத்து, அதில் கருவியை வைத்து, நான்கு தையல் போட்டுவிடுகிறேன். தினமும் தைத்துப் பிரிப்பது சலிப்பாக இருந்ததால், பிறகு இறுக்கமான அழுத்து பொத்தான் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சட்டையில் மட்டும் பை இருந்தால் பயனில்லை. பள்ளிச் சீருடை, வீட்டு உடை, தூங்கும் உடை எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் நழுவுவது பெரும்பாலும் வீட்டு உடையில்தான்.

கழுத்தில் தொங்கவிடவே கூடாது. கயிறு எங்கேனும் மாட்டி இறுகினால் உயிருக்கே ஆபத்து. பள்ளிப் பையிலும் வைக்காதீர்கள். ஓடும் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

பழக்குவதற்கு அவசரப்படக் கூடாது. முதல் வாரம் கருவியே வேண்டாம். அதே எடையில் துணியில் பொதிந்த ஒரு கட்டையை, பிள்ளைக்குப் பிடித்த வேலை நடக்கும் ஐந்து நிமிடம் மட்டும் வையுங்கள். அழுமுன் எடுத்துவிடுங்கள். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. தொழில்வழிச் சிகிச்சையாளர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அவர் இதை வகுப்பிலேயே பயிற்சியாக்கித் தருவார்.

நீரைப் பற்றி ஒரு சொல். நழுவிச் செல்லும் ஆட்டிசம் பிள்ளைகளின் உயிரிழப்புக்கு நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம். ஆகவே கருவி ஐ.பி.67 தரமாவது பெற்றிருக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் நீருக்கடியில் எந்தக் கருவியும் சமிக்ஞை அனுப்பாது. பிள்ளைக்கு நீச்சல் கற்பிப்பதைக் கருவி வாங்குவதோடு சேர்த்தே தொடங்குங்கள்.

ஏழாம் படி: பேட்டரியும் இடைவெளியும்

கருவி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்புகிறது என்பதைப் பொறுத்தே பேட்டரி நீடிக்கும். ‘ஏழு நாள் நீடிக்கும்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் மணிக்கொரு முறை அனுப்பும் நிலையில்தான். கணக்கைப் பாருங்கள்: மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் 75 மீட்டர் போகும், பத்து நிமிட இடைவெளியில் முக்கால் கிலோமீட்டர். ஆகவே சாதாரண வேளையில் பத்து நிமிடம், வேண்டும்போது பத்து அல்லது இருபது விநாடி என்று உங்கள் போனிலிருந்தே மாற்றக்கூடிய கருவிதான் வேண்டும். அந்த மாற்றம் கருவியைச் சேர எத்தனை நேரம் ஆகிறது என்பதையும் அளந்து பாருங்கள். மின்னேற்றுவதற்கு நாளில் ஒரே நேரத்தை ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் அது மாலைக் குளியல் நேரம்.

எட்டாம் படி: பிள்ளையின் இருப்பிடம் பிறர் கைக்குப் போகாமல் காத்தல்

உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை உங்களுக்குக் காட்டும் கருவி, கவனக் குறைவாகச் செய்யப்பட்டிருந்தால் அந்நியருக்கும் காட்டிவிடும். 2017இல் நார்வே நுகர்வோர் மன்றம் சில குழந்தைக் கடிகாரங்களைச் சோதித்து, அவற்றில் கடுமையான ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. அதே ஆண்டு ஜெர்மனி, மறைவாக ஒட்டுக் கேட்கும் வசதியுள்ள குழந்தைக் கடிகாரங்களைத் தடைசெய்தது. 2019இல் அவாஸ்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகள் ‘123456’ என்ற ஒரே கடவுச்சொல்லோடு புழக்கத்தில் இருப்பதைக் கண்டறிந்தது. ஆகவே கருவி வந்த முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

பள்ளிக்கு அணிவித்து அனுப்புவதானால், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். கேமராவும் ஒட்டுக் கேட்கும் வசதியும் உள்ள கருவியைப் பள்ளி மறுத்தால் அது நியாயமே. வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேச முடியாத பிள்ளைக்கு அந்த வசதிகளும், அபாயப் பொத்தானும் பெரிதாகப் பயன்படுவதுமில்லை. பிள்ளை வளர்ந்து புரிந்துகொள்ளத் தொடங்கியதும், இது எதற்காக என்று அதனிடம் சொல்லுங்கள். இதை நான் மனமாரச் சொல்கிறேன்: நம் அச்சம் நியாயமானதுதான், ஆயினும் அந்த உடம்பு பிள்ளைக்கு உரியது.

ஒன்பதாம் படி: திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் சோதித்து முடியுங்கள்

குறைந்தது ஏழு நாளுக்குள் திருப்பிக்கொள்ளும் கடையிலேயே வாங்குங்கள். ஒருவர் கருவியை எடுத்துக்கொண்டு நடக்கட்டும். மற்றவர் வீட்டிலிருந்து போனைப் பார்த்து, உண்மை இடத்தையும் காட்டிய இடத்தையும் நேரத்தையும் எழுதட்டும். மின்தூக்கி வாசல், படிக்கட்டு, நிலவறைக் கார் நிறுத்துமிடம், பக்கத்துச் சந்தை, ரயில் நிலையம், அருகிலுள்ள குளம் அல்லது வடிகால், இவற்றையெல்லாம் தொட்டு வாருங்கள். முதல் படியில் எழுதிய ‘பிள்ளை தேடிப் போகும் இடங்கள்’ பட்டியலே உங்கள் சோதனைப் பட்டியல். அந்த இடங்களில் கருவி ஊமையாக நின்றால், மற்ற எல்லா இடத்திலும் அழகாக வேலை செய்து பயனில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இலட்சக்கணக்கான போன்கள் ஒரே இடத்தில் கூடும்போது நெட்வொர்க் திணறும். புள்ளி பல நிமிடம் பின்தங்கி வரும். 272 படிக்கட்டில் கூட்டத்தோடு ஏறும்போது கையைப் பிடித்திருக்கும் ஆள்தான் கருவி. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை ஒப்படையுங்கள்; ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற இடத்தில்தான் பிள்ளை தொலைகிறது.

பத்தாம் படி: முதல் பத்து நிமிடத்தை எழுதிக் கதவில் ஒட்டுங்கள்

கருவி உங்களுக்கு வாங்கித் தருவது நேரத்தை மட்டுமே. அந்த நேரத்தில் யார் என்ன செய்வது என்பதை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நேராக நீர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும்: கொண்டோவின் நீச்சல் குளம், பெரிய மழைநீர் வடிகால், பழைய ஈயச் சுரங்கக் குட்டை, எது அருகில் இருக்கிறதோ அது. புள்ளி வேறு இடத்தைக் காட்டினாலும் ஒருவர் நீரைப் பார்த்துவிட வேண்டும். இன்னொருவர் போனைப் பார்த்து இடைவெளியைக் குறைத்து, வழி சொல்ல வேண்டும். மூன்றாமவர் வாயிற்காவலரான ஜாகாவுக்குச் சொல்லிவிட்டு 999 அழைக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க முடியும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, பிள்ளை காணவில்லை என்றதும் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். காணாமற்போகும் பிள்ளைகளுக்கென்று காவல்துறையின் நூர் அலர்ட் முறையும் இருக்கிறது.

காவலர் கேட்பவை உங்கள் போனில் ஒரே இடத்தில் இருக்கட்டும்: அண்மையில் எடுத்த முகப்படம், உயரம், உடல் அடையாளம், சமூக நல இலாகா தந்த ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டையின் படம், எந்தப் பெயரால் அழைத்தால் திரும்புவான், எதைக் கண்டு பயப்படுவான் என்பன. தினமும் காலையில் உடை மாற்றியதும் ஒரு படம் எடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்பது பெற்ற தாய்க்கும் நினைவுக்கு வருவதில்லை.

பேட்டரி இல்லாத கருவி ஒன்றும் வேண்டும். உலோகத் தகட்டிலோ துணிப் பட்டையிலோ தொலைபேசி எண்ணைப் பொறித்து உடையில் தைத்துவிடுங்கள். பிள்ளையைக் கண்டெடுப்பவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம் என்பதால் மலாயில் எழுதுங்கள்: ‘சாயா அடா ஆட்டிஸ்மே, சிலா தெலெஃபோன் இபு சாயா’ (எனக்கு ஆட்டிசம் உள்ளது, தயவுசெய்து என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்) என்ற ஒரு வரியும் இரண்டு எண்களும் போதும். பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளை நம்பிவிடும்.

பிறகு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மாலை அக்கம்பக்கத்தைச் சுற்றி வாருங்கள். ஜாகா, ஒட்டுக்கடைக்காரர், மளிகைக் கடை அண்ணன், கோயில் அலுவலகத்தில் இருப்பவர், ரயில் நிலையப் பணியாளர் ஆகியோரிடம் பிள்ளையைக் காட்டி, ‘இவன் தனியாக நிற்பதைப் பார்த்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், ஓடிப் போய்ப் பிடிக்காதீர்கள், பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டிருங்கள்’ என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. முதல் முறை என் மகனைக் கொண்டுவந்து சேர்த்த அந்த ஒட்டுக்கடைக்காரரின் போனில், எங்கள் எண் இப்போது முதல் வரிசையில் இருக்கிறது.

மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனை நடையை மறுபடியும் செய்யுங்கள். சிம் காலாவதியாகியிருக்கும், செயலி புதுப்பிக்கப்பட்டு அனுமதி நீங்கியிருக்கும், பிள்ளை வளர்ந்து சட்டைப் பை கிழிந்திருக்கும். இந்த மாதம் எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது, பாட்டியின் புதிய போனில் எச்சரிக்கை ஒலி அணைந்தே கிடந்ததை. அதைச் சரிசெய்து, அவரிடமே இரண்டு முறை ஒலிக்கச் செய்து காட்டிவிட்டு வந்தேன்.